கைக்கு அடக்கமான வண்டி

ஷோரூம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவர்களிடம் டேப் அக்கா எடுத்த எடுப்பில் விலையைச் சொல்ல மாட்டாள். "வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்பாள். நாலு பேர் என்றால் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வாள். வந்ததும் ஒருவர் விடாமல் வண்டிக்குள் ஏற்றி உட்கார வைப்பாள். யார் முன்னால், யார் ஜன்னலோரம் என்று அங்கேயே ஒரு குடும்பச் சண்டை கிளம்பும். சண்டை ஓய்ந்து எல்லாரும் ஒரு வழியாக உட்கார்ந்துவிட்டால் வண்டி பாதி விற்ற மாதிரி என்பது அவள் கணிப்பு. மீதிப் பாதிக்காகத்தான் கைப்பையில் ஓர் இரும்பு டேப் வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் வாங்குகிறவர்கள் வீட்டுக்கே போய்த் தெருமுனை, கேட், வண்டி நிற்கப்போகிற இடம் எல்லாவற்றையும் அளந்து, "தாராளமாப் போகும்" என்று அவள் சொன்ன பிறகுதான் கையெழுத்து. இப்படி அளக்கச் சொல்லி யாரும் அவளை அனுப்பவில்லை. அளக்காமல் விற்றால் அவளுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் விற்றது ஒரே வண்டி. கம்பெனியின் வண்டிகளிலேயே சின்னது அதுதான், விலை குறைந்ததும் அதுதான். அகலம் நாலடி பத்தங்குலம். கதவைச் சாத்தினால் டப்பாவை மூடின மாதிரிச் சத்தம் கேட்கும். மேம்பாலம் ஏறும்போது ஏசியை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் வண்டி முக்கி முனகும், பின்னால் வருகிறவன் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான். இதில் எதையும் அக்கா மறைத்ததில்லை. "மேம்பாலத்துல காத்து நல்லா வரும், கண்ணாடிய இறக்கி விட்டுக்குங்க" என்று சொல்லிவிடுவாள். ஆனால் 'மலிவு' என்ற சொல் மட்டும் அவள் வாயில் வராது. "கைக்கு அடக்கமான வண்டிங்க" என்பாள். ஸ்கூட்டரில் ஆளுக்கு ஒரு பையைப் பிடித்துக்கொண்டு மூன்று பேராக மழையில் நனைந்து வந்தவர்கள், சாவியை வாங்கிக்கொண்டு தலை நனையாமல் வீட்டுக்குப் போவதைக் கண்ணாடிக் கதவருகே நின்று பார்ப்பாள். அந்தக் கதவருகே நிற்பதற்காக அவள் சம்பளமில்லாமல்கூட வேலைக்கு வந்திருப்பாள். நல்லவேளை, இது கம்பெனிக்குத் தெரியாது.

இத்தனை விற்றவளிடம் சொந்தமாகக் கார் கிடையாது. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு அக்காவின் வண்டி என்றாலே கேலி. "திரும்பறப்ப கண்ணாடில பாக்கறேன், உன் வண்டி ஒண்ணு என் பின்சக்கரத்துக்கிட்ட நின்னு முழிக்குது. நசுக்காம வர்றதே பெரும்பாடு" என்பார்.

"உங்க பஸ்ஸுக்கு ராத்திரி நிக்க ஒரு மைதானம் வேணும். என் வண்டிக்குச் செருப்பு விடற எடம் போதும்" என்று அக்கா திருப்பிக் கொடுப்பாள். கல்யாணமான நாளாக இந்தப் பேச்சு நடக்கிறது. இரண்டு பேரும் அலுத்துக்கொண்டதில்லை.

சின்ன வண்டியின் இறங்குமுகத்தை அக்கா புள்ளிவிவரத்தில் பார்க்கவில்லை, ஷோரூமின் தரையில் பார்த்தாள். முதலில் அது வாசல் கண்ணாடிக்கு நேர் எதிரே, விளக்குகளுக்குக் கீழே நின்றது. பிறகு உயரமான புது வண்டி ஒன்று வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, இது தூணுக்குப் பின்னால் போனது. அடுத்த வருஷம் தண்ணீர் கேன் வைத்திருக்கிற மூலைக்கு. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் டம்ளரை அதன் கூரைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அக்கா வாய்க்குள் திட்டிக்கொண்டே துணி எடுத்துத் துடைப்பாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, விற்பனையாளர்களை எல்லாம் உட்கார வைத்துச் சுவரில் படம் காட்டினார். ஒரு நாட்டில் வண்டியின் நீளத்தைப் பார்த்து வரி போடுகிறார்களாம், அங்கே சின்ன வண்டிக்கு இன்னும் ராஜ மரியாதையாம். இன்னொரு நாட்டில் படிக்கிற பிள்ளைகள் வாங்குவார்களாம், முதல் குழந்தை பிறந்ததும் பெரியதாக மாற்றிவிடுவார்களாம். வேறொரு நாட்டில் 'இதைவிட மலிவான கார் கிடையாது' என்று ஊரெல்லாம் பலகை வைத்தார்களாம். வாங்க ஆளே வரவில்லையாம்.

"ஏன் வரலைன்னு யாராவது சொல்லுங்க பாக்கலாம்" என்றார் பயிற்சியாளர்.

கடைசி வரிசையிலிருந்து அக்கா சொன்னாள்: "மலிவா வாங்கணும்னு எல்லாருக்கும் ஆசைதான் சார். மலிவா வாங்கினது பக்கத்து வீட்டுக்குத் தெரியணும்னு யாருக்கு ஆசை?"

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த ஊரில் தன் கருத்தாக அதைச் சொல்லியிருப்பார் என்பது அக்காவின் சந்தேகம். பிறகு புகைக்கு ஒரு விதி வந்தது, மோதினால் தாங்குவதற்கு ஒரு விதி வந்தது. இரண்டும் நியாயமான விதிகள்தான், அக்காவே ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் சின்ன வண்டியின் விலை ஒரு படி ஏறியது. ஏறி ஏறி, ஓடித் தேய்ந்த பெரிய வண்டி ஒன்றின் விலைக்கே வந்து நின்றது. அந்த விலைக்கு உயரமாக உட்கார்ந்து ஊரைப் பார்க்கலாமே என்று ஜனங்கள் அந்தப் பக்கம் போனார்கள். ஒருநாள் கடிதம் வந்தது, தயாரிப்பை நிறுத்திவிட்டோம் என்று. இரண்டே வரி.

அதே வாரம் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். வயது முப்பத்தைந்துதான். ஆட்கள் இருக்கும்போது அக்கா அவரை 'சார்' என்பாள், இல்லாதபோது 'தம்பி' என்பாள். அன்றைக்கு அறையில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, மேலிடத்துல கேக்கறாங்க. பெரிய வண்டி நீங்க இதுவரைக்கும் ஒண்ணுகூட விக்கல. இந்த மாசம் ஒண்ணே ஒண்ணு முடிச்சுக் காட்டுங்க. இல்லைன்னா உங்கள பின் ரூமுக்கு மாத்தச் சொல்றாங்க."

பின் ரூம் என்பது டெலிபோன் அறை. பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, 'சர்வீஸ் தேதி வந்துவிட்டது' என்று நினைவுபடுத்துகிற வேலை. அங்கே ஜன்னல் இல்லை. மனிதர்கள் வர மாட்டார்கள், குரல்கள்தான் வரும். "முடிச்சுடலாம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மாதத்தில் மூன்று வாரம் போய்விட்டது. வந்தவர்களிடம் பெரிய வண்டியைப் பற்றி அவள் பேசினால், பேசுகிற அவளுக்கே அது ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அக்காவிடம் சின்ன வண்டி வாங்கினார். அன்றைக்கு ஜன்னலோரத்துக்காக அழுத அவருடைய ஒரே மகள் இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வண்டி வாங்கப் போவது அவள்தான்.

"அப்பாவுக்கு முட்டி வலி ஆன்ட்டி. சின்ன வண்டில தாழ்வா உக்காந்து எழுந்திரிக்கக் கஷ்டப்படறாரு. உயரமா ஒண்ணு வேணும்" என்றாள் மகள்.

காரணம் நியாயமானது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாவும் மகளும் பெரிய வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா டேப்போடு அவர்கள் வீட்டுக்குப் போனாள். தெரு குறுகல், ஆனால் வண்டி திரும்பும். வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே இருந்த சந்தில்தான் வண்டி நிற்க வேண்டும். அளந்தாள். ஆறடி ஒன்பதங்குலம். பெரிய வண்டியின் அகலம், பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டால், ஐந்தடி பத்தரை அங்குலம். போகும். அந்த நிமிஷம் அவள் மனசுக்குள் ஒன்று எட்டிப் பார்த்தது: போகும், சரி, கதவு? சின்ன வண்டி எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஆள் இறங்க இடம் இருக்கும். அதனால் இத்தனை வருஷத்தில் கதவுக்கென்று அவள் தனியாக அளந்ததே இல்லை. இப்போது அளந்திருக்க வேண்டும். மாதம் முடிய எட்டே நாள். டேப்பைச் சர்ரென்று உள்ளே விட்டாள்.

"போகும்" என்றாள். 'தாராளமாக' என்ற சொல்லை அவள் விட்டுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, அவளைத் தவிர.

இருபத்தெட்டாம் தேதி சாவி கொடுத்தார்கள். பழைய சின்ன வண்டியை வாங்கிக்கொண்டு, அதன் விலையைக் கழித்துவிட்டு, ஷோரூமின் பின்வளாகத்தில் நிறுத்தினார்கள். மேலாளர் எல்லார் முன்னாலும் அக்காவுக்குக் கை கொடுத்தார். சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போன் வந்தது.

"ஆன்ட்டி, நாங்க வீட்டுக்கு வந்துட்டோம்" என்றாள் மகள். "ஆனா இறங்க முடியல."

அக்கா பஸ் பிடித்து ஓடினாள். சந்துக்குள் பெரிய வண்டி அளவெடுத்துச் செய்து வைத்த மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட இல்லை. கதவு நாலு விரல் திறந்து சுவரில் முட்டியது. முன்சீட்டில் கண்ணாடிக்கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதானே?" என்று பின்னாலிருந்து அக்கா கத்தினாள்.

"எடுத்தா பீப் பீப்னு கத்துது ஆன்ட்டி. புது வண்டி, உரசிடுமோன்னு பயமா இருக்கு!"

அக்கா டிக்கியைத் திறந்து, குனிந்து, உள்ளே ஏறி உட்கார்ந்தாள். முன்சீட்டில் இரண்டு பின்னந்தலைகள் தெரிந்தன. அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பதறினாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். "வீட்டு வாசல்ல வந்து கைதியாயிட்டேனேம்மா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மகளுக்கும் தொற்றிக்கொண்டது. அக்காவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவர்கள் முகம் தெரியாதது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

"அண்ணா, நான் தப்பா அளக்கல. சரியாத்தான் அளந்தேன். கதவு திறக்காதோன்னு எனக்கு அன்னிக்கே தோணிச்சு. தோணினத அப்படியே ஓரமாத் தள்ளிட்டேன். இந்த மாசம் ஒரு பெரிய வண்டி விக்கலைன்னா என்னப் பின் ரூமுக்கு மாத்திருவாங்க. அதான்."

சிரிப்பு நின்றது. கண்ணாடிக்கடைக்காரர் பேப்பரை மடித்தார். மடிக்க இவ்வளவு நேரமா என்று அக்காவுக்கு இருந்தது.

"எனக்கு மட்டும் தெரியாதா?" என்றார் அவர். "பதினேழு வருஷமா இந்தச் சந்துல சின்ன வண்டிலேந்தே ஒருக்களிச்சுத்தான் இறங்கறேன். நீ அளக்கறப்பவே எனக்குத் தெரியும், இது நடக்காதுன்னு."

"அப்பா! அப்ப ஏன் சொல்லல?" மகள் திரும்பினாள்.

"ஷோரூம்ல நீ ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்ச பாரு. அதப் பாத்தப்புறம் எப்படிச் சொல்றது? சொல்ல மனசு வரலம்மா."

மகள் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முட்டி வலி பாதிதான்ப்பா. ஆஸ்பத்திரிக்கு நம்ம சின்ன வண்டிய எடுத்துட்டுப் போனா, வாசல்ல செக்யூரிட்டி 'டெலிவரி வண்டியெல்லாம் பின்பக்கம் போடுங்க'ங்கறாரு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. கூட வேலை பாக்கறவங்க எல்லாம் பாத்துக்கிட்டே நிக்கறாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

ஆக, மூன்று பேரும் வண்டி உள்ளே வருவதற்கு முன்பே ஆளுக்கொன்றை மூடி மறைத்திருந்தார்கள். மூன்றும் அந்த ஆறடி ஒன்பதங்குலத்தில் வந்து மாட்டிக்கொண்டன. அக்காவுக்கு இப்போது சிரிப்பு வந்தது, கண்ணீரும் சேர்ந்து வந்தது.

டிக்கி வழியாக இறங்கி, பின்னால் நின்று கையைக் காட்டிக் காட்டி ஒரு வழியாக வண்டியை வெளியே எடுக்க வைத்தாள். தெருவில் நிறுத்த இடம் இல்லை. பின்னால் ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்ததில் அவரை வாசலில் இறக்கிவிடக்கூட முடியவில்லை, தெருமுனையில்தான் நிறுத்த முடிந்தது.

"நாங்க இங்கயே நிறுத்திக்கறோம். நீங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லாதீங்க ஆன்ட்டி. உங்க எடம் போயிடக் கூடாது" என்றாள் மகள். "ஆமாம்மா, வாயத் தொறக்காத" என்றார் அப்பா.

சரி என்று சொல்லிவிடலாமா என்றுதான் அக்காவுக்கும் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் வீட்டைப் பார்க்க நடக்க ஆரம்பித்தார். முனையிலிருந்து வீட்டுக்கு இருநூறு அடி தூரம்கூட இருக்காது. அதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவையும் யாரும் கவனிக்கக் கூடாதென்று, எதிர்வீட்டு மாடியைப் பார்க்கிற மாதிரிப் பாசாங்கு செய்தார். அக்கா சரி என்று சொல்லாமலே பஸ் ஏறினாள்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் வழக்கமான கேலியை எடுக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "பின் ரூம்ல ஃபேன் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

மறுநாள் காலை, விற்பனையை ரத்து செய்கிற படிவத்தை அக்காவே எடுத்து நிரப்பினாள். ஏழு நாளுக்குள் வண்டியைத் திருப்பித் தரலாம் என்பது கம்பெனி விதி. 'காரணம்' என்று இருந்த இடத்தில், 'வண்டி நிற்கும் இடத்தில் கதவு திறக்காது. இது தெரிந்தும் நான் வாடிக்கையாளரிடம் சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார்.

"அக்கா, அவங்க கேக்கவே இல்லையே. நீங்க சும்மா இருந்தாலே போதுமே."

"அவர் நடக்கறத நீங்க பாக்கல தம்பி."

"நாளன்னிக்குப் பட்டியல் போகும். உங்க பேருக்கு எதிர்ல பூஜ்யம்தான் இருக்கும். அப்புறம் என் கைல ஒண்ணும் இல்ல."

"தெரியும். ஒரே ஒரு உதவி. பின்னால நிக்குதே அவரோட பழைய வண்டி, அத உடைக்கறதுக்கு லாரில ஏத்திராதீங்க."

பட்டறை மெக்கானிக்கிடம் அக்கா மன்றாடினாள். அவர் பழைய வண்டியின் முன்சீட்டைக் கழற்றி, அடியில் இரும்புப் பட்டை கொடுத்து மூன்று அங்குலம் உயர்த்திப் பூட்டினார். உட்காருகிறவர் உயரமானவராக இருந்தால் தலை கூரையில் இடித்திருக்கும். கண்ணாடிக்கடைக்காரர் குள்ளம், தப்பித்தார். உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், மறுபடி உட்கார்ந்து பார்த்தார். "இத முன்னாடியே பண்ணியிருக்கலாமே!" என்று மெக்கானிக்கைச் செல்லமாகக் கோபித்துக்கொண்டார். மகள் வண்டியைக் கிளப்பினாள். "செக்யூரிட்டி இன்னொரு தடவ சொன்னா, என்ன டெலிவரி வேணும்னு கேட்டுடறேன் ஆன்ட்டி" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதிதான் வந்தது. அக்கா கையை ஆட்டி வழியனுப்பினாள்.

ஒன்றாம் தேதி அக்கா பின் ரூமுக்குப் போனாள். ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ஃபேன், நீளமாக ஒரு பட்டியல். கண்ணாடிக் கதவு அங்கிருந்து தெரியவில்லை. உட்கார்ந்ததும் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டியலின் முதல் நம்பரை அழுத்தினாள். எடுத்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். எட்டு வருஷத்துக்கு முன்னால் சின்ன வண்டி வாங்கியவர்.

"வணக்கம்ங்க, ஷோரூம்லேந்து பேசறேன்..."

"டேப் அக்காவா? குரல்லயே தெரிஞ்சுபோச்சு! நானே வரணும்னு இருந்தேன். தம்பிக்குக் கல்யாணம் ஆயிருக்கு. அவனுக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுத்து வைங்க. கலர் எதுவானாலும் சரி."

வண்டி நின்றுபோனதை இதுவரை அக்கா கடிதத்தில் படித்திருக்கிறாள், மேலாளர் சொல்லக் கேட்டிருக்கிறாள். தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

"அந்த வண்டி இனிமே வராதுங்க. நிறுத்திட்டாங்க."

"என்னக்கா சொல்றீங்க? அப்ப நீங்க அங்க என்னதான் விக்கறீங்க?"

"ஒண்ணும் விக்கலங்க. வித்த வண்டியெல்லாம் நல்லா இருக்கான்னு கேக்கறேன்."

"இருங்க, நீங்களே கேளுங்க" என்றார் அவர். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. சாவி திரும்பியது. டெலிபோனுக்குள் அந்தச் சின்ன எஞ்சின் படபடவென்று ஓட ஆரம்பித்தது. அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பெருமையாக இருந்தது. அழுகையாகவும் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காதைத் தீட்டிக் கேட்டாள்.

"பெல்ட் தளர்ந்திருக்குங்க. கீச்சுன்னு ஒரு சத்தம் வருது பாருங்க. அப்படியே விட்டா அறுந்துரும். வியாழக்கிழமை கொண்டு வந்துருங்க."

"கொண்டாறேன். வியாழக்கிழமை நீங்க இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்" என்றாள் அக்கா. "பின்பக்கமா வாங்க, நான் அங்கதான் இருக்கேன்."